ஒரு ஆட்டம், மற்றதெல்லாம் பூஜ்யம்

அமெரிக்க பேஸ்பாலின் மேஜர் லீக் பதிவேட்டில் ஆர்ச்சிபால்ட் ‘மூன்லைட்’ கிரகாம் என்ற பெயருக்கு நேரே, ஆடிய ஆட்டம் 1 என்றிருக்கும். மட்டை பிடித்தது 0, ஓட்டம் 0, பிடித்த கேட்ச் 0.

கிரகாம் வட கரோலினாவின் ஃபேயட்வில் ஊரில் பிறந்தவர். (காஷ்மீர்ப் பிரச்சினையில் சமரசம் பேச 1951-இல் ஐ.நா. அனுப்பிவைத்த ஃபிராங்க் கிரகாம் இவருடைய தம்பிதான்.) மருத்துவம் படித்தபடியே சிறிய லீக்குகளில் ஆடிவந்தவரை 1905-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு உலகத் தொடரை வென்ற அணி அது. புதியவருக்கு அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாரக்கணக்கில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 29 அன்று புரூக்ளினில் வாய்ப்பு வந்தது. ஜயன்ட்ஸ் 11-1 என்று வென்ற ஆட்டம் அது. வெற்றி கைக்கு வந்துவிட்ட எட்டாம் இன்னிங்ஸில் ஜார்ஜ் பிரவுனை உட்காரவைத்து, மைதானத்தின் வலக்கோடியில் கிரகாமை நிறுத்தினார் நிர்வாகி ஜான் மக்ரா. பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸில் மூன்று பேர் அவுட்டானால் மட்டை எதிரணிக்குப் போய்விடும். ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட். அடுத்தவர் பந்துவீச்சாளர் கிளாட் எலியட். அவருக்குப் பின் கிரகாம் முறை. எலியட் தூக்கியடித்த பந்து பிடிபட்டது. மட்டையோடு காத்திருந்த கிரகாம் ஒரு பந்தையும் சந்திக்காமல் மறுபடி ஃபீல்டிங்குக்குப் போனார். மேஜர் லீக்கில் அவருக்கு அடுத்த ஆட்டம் கிடைக்கவில்லை.

சிறிய லீக்குகளில் இன்னும் சில ஆண்டுகள் ஆடிவிட்டு, மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரான சிஸமில் மருத்துவராகக் குடியேறினார். அங்கே பள்ளி மருத்துவராக 40 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அந்தப் பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை அளந்து சேர்த்த கணக்கு, 1945-இல் மேயோ மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆட்டக்காரராக அவர் விட்டுச்சென்ற எண்களைவிட இவை கனமானவை.

1965-இல் இறந்தபோது ஊருக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. பின்னாளில் கனடா எழுத்தாளர் டபிள்யூ.பி. கின்செல்லா பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைப் புரட்டும்போது அந்தப் பூஜ்ய வரிசை கண்ணில் பட்டது. 1982-இல் வந்த ‘ஷூலெஸ் ஜோ’ நாவலில் கிரகாமைப் பாத்திரமாக்கினார். அதைத் தழுவிய 1989-ஆம் ஆண்டுப் படம் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’. முதிய கிரகாமாக நடித்தவர் பர்ட் லங்காஸ்டர். படத்தில் அந்த ஒற்றை ஆட்டம் 1905-இல் நடக்கவில்லை, 1922-க்குத் தள்ளிப்போயிருக்கும்.