கொள்கலனும் சட்டமும்

வாணிகம் செழித்த நாடுகளிலெல்லாம் பொருளைக் கொண்டு செல்லும் வழிகள் வளர்ந்தன. அவற்றோடு, வழியில் பொருளுக்கு நேரும் கேட்டிற்கு யார் பொறுப்பு என்னும் வினாவும் வளர்ந்தது. கடலிலிருந்து நிலத்தில் இறக்கிய பொருள்களும் நிலத்திலிருந்து கடலுக்கு அனுப்பிய பொருள்களும் காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்து கிடந்தன என்றும், சுங்கம் கொள்வோர் அவற்றின்மீது புலிப்பொறி இட்டனர் என்றும் பட்டினப்பாலை கூறுகிறது. அரசின் காவலுக்கும் சுங்க முறைக்கும் அப்பொறி சான்று. ஆனால், கரையிலிருந்து கப்பலுக்கு மாறும்போது ஒரு மூட்டை நனைந்து கெட்டால் அவ்விழப்பை ஏற்பவர் யார் என்பதற்கு அப்பொறி விடை சொல்லாது.

பழமையான அவ்வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிய கூர்மை பெற்றது. லாரி, இரயில், கப்பல் ஆகிய மூன்றிலும் திறக்கப்படாமலே பயணம் செய்யும் கொள்கலன் என்னும் இரும்புப் பெட்டியே அதற்குக் காரணம். வளர்ந்துவரும் நாடாகிய இந்தியா அவ்வினாவிற்குச் சட்டத்தின்வழி விடை தேடிய வரலாறு, தமிழரின் வாணிகத்தோடும் தொடர்புடையது.

பாதைக்கு ஒரு சட்டம்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவில் சரக்குப் போக்குவரத்திற்கென இயற்றப்பட்ட சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாதையை மட்டுமே கண்டன. 1856ஆம் ஆண்டின் சட்டம், 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டைப் பற்றியது. அச்சீட்டைப் பெற்றவருக்கே சரக்கின்மீது வழக்கிடும் உரிமையையும் அது வழங்கியது. 1865ஆம் ஆண்டில் சாலைவழிச் சரக்கு ஏற்றுவோருக்கான சட்டம் வந்தது. 1890ஆம் ஆண்டில் இரயில்வே சட்டமும், 1925ஆம் ஆண்டில் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் தோன்றின. வான்வழிக்கு 1934இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 1972இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன.

இச்சட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. சாலைவழியே சென்ற சரக்கு கெட்டால், ஏற்றிச் சென்றவரின் கவனக்குறைவைச் சரக்குக்காரர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை அவர்மேல் ஏற்றவில்லை. கடலிலோ நிலைமை வேறு. 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகளைத் தழுவிய 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கப்பலைச் செலுத்துவதில் மாலுமி செய்த பிழையால் சரக்கு அழிந்தாலும் கப்பல் நிறுவனம் பொறுப்பினின்று விலகிக்கொள்ளலாம். பொறுப்பு உண்டு என்று முடிவானாலும் சிப்பம் ஒன்றுக்கு 100 பவுன் என்பதே உச்சவரம்பு. கடல்வழி இழப்பிற்கு ஓராண்டிற்குள்ளும் வான்வழி இழப்பிற்கு ஈராண்டிற்குள்ளும் வழக்கிட வேண்டும். சாலைக்கும் இரயிலுக்கும் ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருத்தல் வேண்டும்.

சரக்கு மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கப்பட்ட காலத்தில் இவ்வேறுபாடுகள் பெருந்துன்பம் விளைவிக்கவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மூட்டைகள் எண்ணப்பட்டன, கிழிந்தவை குறிக்கப்பட்டன. கேடு எங்கு நேர்ந்தது என்பதைக் கண்டறிய முடிந்ததால், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதும் தெளிவாயிற்று.

பெட்டியின் வருகை

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளைச் சுமந்துகொண்டு அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. லாரித் தொழிலில் ஈடுபட்டிருந்த மால்கம் மெக்லீன் என்பவரின் முயற்சி அது. பதினாறு ஆண்டுகளுக்குள் அப்புதுமை தென்கிழக்காசியாவை எட்டியது. 1972ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'நிஹோன்' என்னும் கொள்கலன் கப்பல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்தை அடைந்தது. அடுத்த ஆண்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. அதே 1973ஆம் ஆண்டு நவம்பரில் 'பிரெசிடென்ட் டைலர்' என்னும் கப்பல் கொச்சியை வந்தடைந்தது. இந்தியத் துறைமுகம் ஒன்றை அடைந்த முதற் கொள்கலன் கப்பல் அதுவே.

துறைமுகத்தோடு பெட்டி நின்றுவிடவில்லை. கடலுக்குத் தொலைவிலுள்ள நகரங்களிலேயே சரக்கைப் பெட்டியிலிட்டுச் சுங்கச் சோதனையையும் முடித்து அனுப்பும் உள்நாட்டுக் கொள்கலன் நிலையங்கள் எழுந்தன. அவற்றுள் முதலாவது 1981இல் பெங்களூரில் அமைந்தது. சென்னைத் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் 1983இல் திறக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இந்தியக் கொள்கலன் கழகம், மறு ஆண்டில் இரயில்வேயிடமிருந்து ஏழு உள்நாட்டு நிலையங்களைப் பெற்றுத் தன் பணியைத் தொடங்கியது. இவ்வாறு இரும்புப் பாதையும் கிரேனும் கப்பலும் ஒன்றிணைந்தன. சட்டங்களோ தனித்தனியாகவே நின்றன.

மூடிய கதவின் சிக்கல்

திருப்பூரில் பின்னலாடை செய்யும் சிறு உற்பத்தியாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இச்சிக்கல் விளங்கும். அவருடைய ஆடைகள் பெட்டியில் அடுக்கப்பட்டுக் கதவு மூடி முத்திரையிடப்படுகிறது. பெட்டி லாரியில் ஏறித் தூத்துக்குடியை அடைகிறது. சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ சென்று பெருங்கப்பலுக்கு மாறுகிறது. ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் இறங்கி மீண்டும் லாரியில் செல்கிறது. கதவு திறக்கப்படுவது வாங்குபவரின் கிடங்கில்தான். அப்போது ஆடைகள் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால், நீர் எங்கே புகுந்தது என்று யார் சொல்ல முடியும்? லாரிக்காரர் கப்பலைக் காட்டுவார்; கப்பல் நிறுவனம் துறைமுகத்தைக் காட்டும்; துறைமுகம் லாரியைக் காட்டும். திருட்டையும் சேதத்தையும் குறைப்பதற்காக மூடப்பட்ட கதவு, கேடு நேர்ந்த இடத்தையும் மறைத்துவிடுகிறது.

முன்னர் இப்பயணத்தை ஒருங்கிணைத்துக் கொடுத்தவர் சரக்கு அனுப்பும் முகவர். அவர் பிறர் சார்பில் ஏற்பாடு செய்பவரேயன்றித் தாமே பொறுப்பேற்பவர் அல்லர். ஆகவே இழப்புற்றவர் பல நாடுகளில் பல நிறுவனங்களைத் துரத்த வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது செலவு. சிறு உற்பத்தியாளருக்கோ வாழ்வின் முடிவாகவும் ஆகலாம்.

பணத்தைப் பற்றிய சிக்கலும் உண்டு. ஏற்றுமதியாளருக்கு வங்கி பணம் தருவது சீட்டைக் கண்டே. கப்பல் சரக்குச் சீட்டு சரக்கின் உரிமையைக் குறிக்கும் பத்திரம் என்பதைச் சட்டம் நெடுங்காலமாக ஏற்றிருந்தது. ஆனால் உள்நாட்டு நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்தபோது பெறும் சீட்டிற்கு அத்தகைய சட்ட மதிப்பு இல்லை. சரக்கைக் கைவிட்ட பின்னும் பணத்திற்காகக் காத்திருப்பவர் வட்டியால் நலிந்தார்.

ஜெனிவாவில் எடுத்த முயற்சி

இது இந்தியாவிற்கு மட்டும் உரிய துன்பமன்று. ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவும் இதனை உணர்ந்தன. தம் நாட்டின் உட்பகுதிவரை செல்லும் போக்குவரத்தைச் செல்வ நாடுகளின் கப்பல் நிறுவனங்களே தம் விருப்பப்படி அமைத்துவிடும் என்னும் அச்சமும் அந்நாடுகளுக்கு இருந்தது. ஐக்கிய நாடுகளின் வாணிப வளர்ச்சி மாநாட்டமைப்பின் முயற்சியால் 1980ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஜெனிவாவில் பன்முகச் சரக்குப் போக்குவரத்து உடன்படிக்கை ஏற்கப்பட்டது. பொருளை ஏற்றுக்கொண்ட இடத்திலிருந்து ஒப்படைக்கும் இடம்வரை ஒருவரே பொறுப்பு என்பது அதன் உயிர்நாடி. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் உரிமையையும் அது ஏற்றது.

எனினும் 30 நாடுகளின் இசைவு கிடைத்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. அவ்வெண்ணிக்கை இன்றுவரை எட்டப்படவில்லை. உடன்படிக்கை உறங்கினாலும் அதன் கருத்து உறங்கவில்லை. அவ்வமைப்பும் அனைத்துலக வாணிகக் கழகமும் இணைந்து உருவாக்கிய விதிகள் 1992ஆம் ஆண்டிலிருந்து ஒப்பந்தங்களில் பயன்படத் தொடங்கின.

1993ஆம் ஆண்டுச் சட்டம்

பொருளாதாரக் கதவுகளைத் திறந்த மறு ஆண்டில், அதாவது 1992 அக்டோபரில், இந்திய அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. 1993ஆம் ஆண்டில் அது நாடாளுமன்றத்தின் வழியாகப் பன்முகச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமாயிற்று. இச்சட்டம் செய்த மாற்றங்கள் மூன்று.

முதலாவது, பன்முகப் போக்குவரத்தாளர் என்னும் புதிய பொறுப்பாளரை அது உருவாக்கியது. அவர் முகவர் அல்லர். ஒப்பந்தத்தைத் தம் பெயரிலேயே ஏற்பவர். லாரியும் கப்பலும் பிறருடையனவாக இருப்பினும் சரக்குக்காரரிடம் விடை சொல்ல வேண்டியவர் அவரே. கப்பல் துறைத் தலைமை இயக்குநரிடம் பதிவு பெற்றவரே இத்தொழிலை நடத்தலாம். பதிவின் காலம் முதலில் ஓராண்டாக இருந்து, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றாண்டுகளாயிற்று.

இரண்டாவது, அவர் வழங்கும் சீட்டு உரிமைப் பத்திரமாயிற்று. அதற்கென 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் திருத்தப்பட்டது. உள்நாட்டு நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்தவர் அச்சீட்டோடு வங்கியை அணுகச் சட்டம் வழிவகுத்தது.

மூன்றாவது, இழப்பீட்டின் அளவு வரையறுக்கப்பட்டது. கேடு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பது தெரியாவிடில், சிப்பம் ஒன்றுக்கு 666.67 அல்லது கிலோ ஒன்றுக்கு 2 சிறப்பு எடுப்பு உரிமை அலகு என்பது உச்சவரம்பு. இரண்டில் எது மிகுதியோ அதுவே கொள்ளப்படும். அனைத்துலகப் பண நிதியம் வகுத்துள்ள கணக்கு அலகு இது. கடலோ உள்நாட்டு நீர்வழியோ சேராத பயணத்திற்கு வரம்பு கிலோவுக்கு 8.33 அலகு. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய 100 பவுன் வரம்பும் இதனோடு மாற்றப்பட்டது. குறித்த நாளுக்குப் பின் 90 நாள்கள் கடந்தும் சரக்கு வந்து சேராவிடில், அது தொலைந்துவிட்டதாகவே உரியவர் கொள்ளலாம். வழக்கிடுவதற்கான காலம் ஒன்பது திங்கள்.

ஒரு வரியின் விலை

இச்சட்டத்தில் மொழி பயில்வோரும் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. ஒரு கொள்கலனுள் தலா 20 கிலோ எடையுள்ள 400 அட்டைப் பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். சீட்டில் 400 அட்டைப் பெட்டிகள் என்று எழுதப்பட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சிப்பமாகக் கணக்கிடப்படும். உச்சவரம்பு 2,66,668 அலகாகும். ஒரு கொள்கலன் என்று மட்டும் எழுதியிருந்தால் முழுக் கொள்கலனும் ஒரே சிப்பம். அப்போது 8,000 கிலோ எடையைக் கொண்டு கணக்கிட்டாலும் வரம்பு 16,000 அலகே. இவை வரம்புகளே, உண்மையான இழப்பிற்கு மேல் யாருக்கும் கிடைப்பதில்லை. ஆயினும் சீட்டில் ஒரு வரி விடுபட்டால், வரம்பு ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சட்டம் தந்த உரிமையைக் காப்பது எழுத்தறிவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிறைவுறாத பணி

1993ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்ட வடிவில் குறைகளும் உண்டு. இந்தியாவில் ஏற்கப்பட்டு வெளிநாட்டில் ஒப்படைக்கப்படும் சரக்கிற்கே அது பொருந்தும். இறக்குமதியாகும் சரக்கும், உள்நாட்டிற்குள்ளேயே பல வழிகளில் செல்லும் சரக்கும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. மேலும், கேடு நேர்ந்த கட்டம் தெரியுமாயின் அக்கட்டத்திற்குரிய பழைய சட்டத்தின் வரம்பே செல்லும். எனவே பொறுப்பாளர் ஒருவரானபோதும் பொறுப்பின் அளவு ஒன்றாகவில்லை.

பழைய சட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2007இல் சாலைவழிச் சரக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 1856ஆம் ஆண்டின் கப்பல் சரக்குச் சீட்டுச் சட்டமும் 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சட்டமும் 2025ஆம் ஆண்டில் புதிய சட்டங்களுக்கு வழிவிட்டன. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் ஒன்று கொள்கலன் தோன்றி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் செயலில் இருந்தது என்பதும், கப்பல் சீட்டைப் பற்றிய சட்டம் 169 ஆண்டுகள் நிலைத்தது என்பதும் எண்ணத்தக்கவை.

மலேசியாவும் சிங்கப்பூரும் உறுப்பு வகிக்கும் ஆசியான் அமைப்பும் இவ்வழியே சென்றுள்ளது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் வியந்தியானில் பன்முகப் போக்குவரத்துப் பற்றிய ஆசியான் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1980இல் ஜெனிவாவில் கூறப்பட்ட கருத்தே அதிலும் ஒலிக்கிறது.

துறைமுகத்தைக் கட்டப் பணம் வேண்டும். கிரேனை வாங்கக் கடன் கிடைக்கும். ஆனால் தன் பொருளைக் கண்காணாத் தொலைவிற்கு அனுப்பும் சிறு வாணிகருக்கு வேண்டுவது, 'இழப்பு நேர்ந்தால் விடை சொல்ல ஒருவர் இருக்கிறார்' என்னும் உறுதி. அவ்வுறுதியைச் சாலையும் கப்பலும் தரமாட்டா, சட்டமே தரவல்லது. பொருள் ஓடும் வேகத்திற்குப் பொறுப்பும் உடன் ஓடுமாறு செய்வதே வளரும் நாடுகளின் முன்னுள்ள கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.