டைப் அடிக்கத்தானே, இவ்வளவு எதற்கு?

சென்ற பொதுக்குழுவில் ஒரு பில் நிறுத்தி வைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நம் சங்கத்தின் பைலாவைத் தமிழாக்கி, பக்கம் கட்டி, அச்சுக்குத் தயாராகக் கொடுத்த திண்டிவனத்துப் பெண்ணின் பில் அது. வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலையும் மொழிபெயர்ப்பும் செய்பவர். ஸ்பானிஷ் படித்தவர், அந்த வேலை வந்தால் அதையும் எடுத்துக்கொள்வார். "டைப் அடிக்கத்தானே, இவ்வளவு எதற்கு?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நாலைந்து பேர் தலையாட்டினோம். ஆம், நானும்தான். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வவுச்சர் சரிபார்த்தவனுக்கு, பில்லைப் பார்த்தால் குறைக்கத்தான் கை போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. தமிழில் முதல் புத்தகம் அச்சான கதையைப் பணி ஓய்வுக்குப் பிறகு ஆசையாகப் படித்து வைத்திருக்கிறேன். அதுவும் இதே மாதிரி வேலைதான். ஒரு ஊர்க் கூட்டம் காசு போட்டது, ஒருவர் மொழிபெயர்த்தார், இன்னொருவர் எழுத்து செய்தார். ஸ்பெயின்காரர்களும் அதில் இருந்தார்கள்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார் பிரான்சிஸ் சவேரியார். இன்றைய ஸ்பெயினின் வடக்கே நவாராவில் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க். இவர்கள் பேசுவது மலபார் மொழி, நான் பேசுவதோ பாஸ்க் என்று அவரே கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார் (அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழையும் மலபார் மொழி என்றே சொன்னார்கள்). தமிழும் போர்த்துகீசும் தெரிந்த சில உள்ளூர்க்காரர்களைக் கூட்டி வைத்து, பல நாள் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழாக்கினார். அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

அதில் ஒரு பிழை இருந்தது. 1544இல் தன் உதவியாளர் மன்சில்யாஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதைத் திருத்தச் சொல்கிறார். விசுவாச அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள், இனி அந்த இடத்தில் 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் என்கிறார். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக ஒரு கடற்கரை முழுக்க மக்கள் அந்த வாசகத்தைச் சொல்லியிருக்க வேண்டும்!

ஒரு பழைய கிளார்க்காக இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இடத்தின் லத்தீன் மூலச்சொல் 'கிரேதோ'. நாம் வங்கியில் சொல்லும் 'கிரெடிட்' அதே வேரில் வந்தது. கவுன்ட்டருக்கு வருபவர் 'எனக்கு வேணும்' என்பார். மேனேஜர் 'நம்புகிறேன்' என்றால்தான் கடன் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம் கடன் கேட்டு நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தமிழ் அச்சேறியது முதலில் நம் நாட்டில் அல்ல. 1554இல் லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு சிறு ஜெபப் புத்தகம் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் அங்கே இருந்த மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன: விசென்தே த நாசரே, ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா த க்ரூஸ். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ.

இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது 1556இல். எத்தியோப்பியாவுக்குப் போகவேண்டிய இயந்திரம் வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதை இயக்கிய புஸ்தமாந்தே ஒரு ஸ்பெயின்காரர். ஆனால் தமிழ் எழுத்து இல்லையே. அதை 1577இல் கோவாவில் செய்தவர் ஜோவான் கொன்சால்வஸ் என்ற சபைச் சகோதரர், அவரும் ஸ்பெயின் நாட்டவர். தமிழ் நமக்குப் பழக்கம். சுழியும் கொம்பும் கையிலேயே வரும். ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் அதை உலோகத்தில், அதுவும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். எத்தனை எழுத்து பாழாகியிருக்கும்! மறு வருஷம் கொல்லத்தில் ஜோவான் த ஃபாரியா என்ற பாதிரியார் இன்னொரு எழுத்து வரிசை செய்தார்.

அந்த எழுத்தில் 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சானது 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கம். இந்திய எழுத்து ஒன்றில் அச்சான முதல் புத்தகம் இதுதான். தமிழாக்கியவர்கள் போர்ச்சுகீசியரான அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியாரும் மனுவேல் த சான் பெத்ரோ என்பவரும். கடைசிப் பக்கத்தில் கோவாவில் செய்த எழுத்து, கொல்லத்தில் செய்த எழுத்து என்று இரண்டுக்கும் மாதிரி போட்டு, வருஷமும் கொடுத்திருக்கிறார்கள். டி.டி.பி. கடையில் ஃபான்ட் மாதிரி காட்டுவார்களே, அதேதான். இன்று தெரிந்தவரை அதன் ஒரே பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முத்துக்குளிக்கும் பரவர் மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சம்பாதித்த காசு. 'டைப் அடிக்கத்தானே' என்று அவர்களில் யாரும் கேட்டதாகப் படிக்கவில்லை.

அவ்வளவு பழைய கதை எதற்கு, நம் விழுப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கல்யாணப் பத்திரிகை இங்கே ஒரு டிரெடில் பிரஸ்ஸில் அடித்தது. கம்பாசிட்டர் அண்ணன் பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். தலைகீழ் எழுத்தை நாம் பேப்பர் படிப்பதுபோல் படிப்பார். புரூஃபில் மாமனார் பெயருக்கு ஒரு புள்ளி விட்டுப் போயிருந்ததை நான் பார்க்கவில்லை, அவர்தான் பிடித்தார். 1985இல் அமெரிக்காவில் பேஜ்மேக்கர் வந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத் தலைநகரான பிறகு மனு, பத்திரம், நோட்டீஸ் என்று வேலை பெருகி, கம்ப்யூட்டர் கடைகளும் பெருகின. கம்பாசிட்டர்கள் எங்கே போனார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தும் வேலை லேசாகிவிடவில்லை. ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டுக்கும் ஒவ்வொரு குறியீடு. திண்டிவனத்தில் அடித்த ஃபைல் 40 கிலோமீட்டர் தாண்டி விழுப்புரத்தில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. பின்னால் யூனிகோடு பரவியதும்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி நம் பைலாவுக்கு வருகிறேன். முதலில் ஒருவர் செல்போனிலேயே இலவசமாக மொழிபெயர்த்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாரே, அதில் சிங்கிங் ஃபண்ட் 'மூழ்கும் நிதி' என்று வந்தது. பி.காம். படித்த எனக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் இரண்டாவது மாடி அம்மா என்னை லிஃப்டில் நிறுத்தி, "ஏன் சார், நம்ம கட்டின பணம் மூழ்கிப் போச்சா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். திண்டிவனத்துப் பெண் எனக்குப் போன் செய்து, "சார், இந்தப் பணத்தை எதுக்கு எடுப்பீங்க?" என்று விசாரித்தார். லிஃப்ட் மாற்ற, மொட்டை மாடி ஓதம் பார்க்க, பெயின்ட் அடிக்க என்றேன். 'பெரும் பழுதுச் சேமிப்பு' என்று போட்டார். அதன் பிறகு யாரும் என்னை லிஃப்டில் நிறுத்தவில்லை. ஒருவரைக் கேட்டுத்தான் அந்தச் சொல் வந்தது. சவேரியாருக்கும் 'வேணும்' தப்பென்று தமிழ் தெரிந்த யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பு, பக்க அமைப்பு, அதன் கீழே 'திருத்தம் 3 முறை' என்று ஒரு வரி. மூன்றில் இரண்டு நாம் ஆங்கில மூலத்தையே நடுவில் மாற்றியதால் வந்தவை. ஒன்று நான் கொடுத்த தப்பான பிளாட் எண். முழுத் தொகையையும் பாஸ் செய்யக் கோரி, அடுத்த பொதுக்குழுவில் முதல் பொருளாக வைக்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.