நிலைத்த பெயரும் மெய்ப்பெயரும்: இணையப் பொழுதுபோக்குக் குழுக்களில் அடையாளக் கட்டாயம் பற்றி ஓர் ஆய்வு

1. முன்னுரை

பறவை நோக்குவோர், சதுரங்கம் ஆடுவோர், அஞ்சல்தலை சேர்ப்போர், ஹாம் வானொலி இயக்குவோர் என ஒரே ஆர்வமுடையவர்கள் இணையத்தில் கூடும் குழுக்கள் வளர வளர, ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. உறுப்பினர்கள் மெய்ப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி வகுக்கலாமா? வசை பெருகும்போது இக்கேள்வி எழும். ஒருவரே நான்கு பெயர்களில் வந்து சண்டை மூட்டும்போதும், பொருளை விற்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர் காணாமற்போகும்போதும் எழும். கேட்பவர்களின் நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. தாம் வளர்த்த குழு சீரழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது.

ஆயினும் அவர்கள் நாடும் மருந்து நோய்க்குப் பொருந்தாதது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பொழுதுபோக்குக் குழு தன் உறுப்பினரிடம் கோரத் தக்கது நிலைத்த பெயர். சட்டப் பெயரைக் கோர அதற்குப் போதிய காரணம் இல்லை. மெய்ப்பெயர்க் கட்டாயம் வாக்களிக்கும் ஒழுங்கு வந்து சேர்வதில்லை. அதன் தீங்கோ குழுவில் வலிமை குறைந்தவர் தலையிலேயே விடிகிறது.

2. மெய்ப்பெயர் வாதமும் அதன் எல்லையும்

மெய்ப்பெயரை வலியுறுத்துவோர் பெரிதும் நம்பும் கருத்து, உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் விளக்கிய இணையத் தடைநீக்க விளைவு. நேரில் பேசத் துணியாததை மனிதர் இணையத்தில் பேசிவிடுவதற்கு அவர் ஆறு காரணங்களைப் பட்டியலிட்டார். பெயர் தெரியாமை அவற்றுள் ஒன்று. எதிராளியின் முகம் தெரியாமை, பதில் உடனே வராமை, அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமை ஆகியவை வேறு சில. இவற்றுள் மெய்ப்பெயர் தொடுவது முதலாவதை மட்டுமே. தன் முழுப்பெயரில் எழுதுபவருக்கும் எதிரே இருப்பவரின் முகம் வாடுவது தெரிவதில்லை. ஏசிவிட்டுத் திரையை மூடிவிட்டுப் போக அவராலும் முடியும்.

எரிக் ஃபிரீட்மன், பால் ரெஸ்னிக் ஆகியோர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு சிக்கலின் வேரைத் தொட்டது. பெயரை நினைத்தபோது செலவின்றி மாற்றிக்கொள்ள முடிந்தால், கெட்ட பெயர் எடுத்தவர் அதை உதறிவிட்டுப் புதியவராக வந்துவிடுவார். அதனால் புதிதாக வரும் எல்லோரையும் குழு ஐயத்தோடு பார்க்கத் தொடங்கும். நல்லவரும் நெடுநாள் காத்திருந்தே நம்பிக்கையைப் பெற வேண்டியிருக்கும். இதற்கு அவர்கள் ஆராய்ந்த தீர்வு, ஒருவருக்கு ஒரு களத்தில் ஒரே ஒரு பெயர் என்பது. அப்பெயரை மாற்ற இயலாது. ஆனால் அது யாருடையது என்று வெளியிட வேண்டியதும் இல்லை. ஆக, கேட்டுக்கு மூலம் பெயரின் மலிவு. புனைபெயர் புனைபெயராக இருப்பதில் குற்றமில்லை.

3. நடந்து முடிந்த சோதனைகள்

மெய்ப்பெயர்க் கட்டாயத்தை நாடளவில் நடத்திப் பார்த்தது தென்கொரியா. 2007 முதல், நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. 2009-ல் வரம்பு ஒரு லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு தளங்கள் ஊடுருவப்பட்டு ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் தனித்தகவல்கள் களவுபோயின. அந்நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டு 23 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும், பயனர்கள் அயல்நாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டதையும் அது எடுத்துக்காட்டியது.

பொழுதுபோக்குக் குழுக்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று விளையாட்டு உலகில் கிடைக்கிறது. ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் 2010 ஜூலை 6 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் கலந்துரையாடும் இடத்தில் இனி அவரவர் முதற்பெயரும் குடும்பப்பெயரும் தெரியும் என்பதே செய்தி. வசைபாடுவோரை அடக்குவது நோக்கம். அச்சப்பட ஒன்றுமில்லை என்று காட்ட நிறுவன ஊழியர் ஒருவர் தம் மெய்ப்பெயரைத் தாமே அங்கு எழுதினார். சிறிது நேரத்திலேயே அந்தப் பெயரைக் கொண்டு தேடியவர்கள், அவருடையவை என்று முகவரி, தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்களை அம்பலப்படுத்தத் தொடங்கினர். எதிர்ப்பு மலையாகக் குவிந்தது. பெண் என்று தெரிந்தால் தொல்லை வரும் என்று அஞ்சியவர்களும், வேலை தேடும்போது நிறுவனங்கள் பெயரைத் தேடிப்பார்க்கும் என்று கவலைப்பட்டவர்களும் எழுதினர். ஜூலை 9 அன்று நிறுவனத் தலைவர் மைக் மோர்ஹைம் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 2011 இறுதியில் அந்நிறுவனமே அறிவித்த மாற்று, ஆட்டக்காரர் தாமே தேர்ந்துகொள்ளும் பெயரும் அதனோடு ஓர் எண்ணும் சேர்ந்த ‘பேட்டில்டேக்’. மெய்ப்பெயரைக் கட்டாயமாக்கப் போன நிறுவனம் நிலைத்த புனைபெயரில் வந்து நின்றது.

ஆய்வுகளும் இத்திசையையே காட்டுகின்றன. ஜெர்மானிய மனுத்தளம் ஒன்றின் கருத்துரைகளை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், முழுப்பெயரில் எழுதியவர்களே பெயர் மறைத்தவர்களைவிடக் கடுமையாகத் தாக்கி எழுதியது தெரியவந்தது. தம் பக்கமே நியாயம் என்று நம்புபவருக்குத் தம் பெயர் ஒரு தடையாகத் தோன்றுவதில்லை. பேச்சுக்கு வலுச் சேர்ப்பதாகவே தோன்றுகிறது. ஹஃபிங்டன் போஸ்ட் செய்தித்தளம் எளிதில் மாற்றக்கூடிய பெயர்களிலிருந்து நிலைத்த புனைபெயர்களுக்கும், பின்னர் மெய்ப்பெயர்களுக்கும் மாறியது. அம்மூன்று கட்டங்களையும் ஆல்ஃபிரட் மூரும் அவர் குழுவினரும் ஒப்பிட்டனர். வாசகர் உரையாடலின் தரம் நிலைத்த புனைபெயர்க் கட்டத்தில் உயர்ந்து, மெய்ப்பெயர்க் கட்டத்தில் சரிந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

4. ஹாம் வானொலி தரும் முன்மாதிரி

இணையத்துக்கு வெகுகாலம் முன்பே, முகம் தெரியாதவர்கள் தொலைவிலிருந்து உரையாடும் பொழுதுபோக்குக் குழு ஒன்று உலகளவில் இயங்கிவந்தது. ஹாம் வானொலி அது. அங்கே ஒருவரின் அடையாளம் ‘கால் சைன்’ எனப்படும் அழைப்புக்குறி. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை சார்ந்த தேர்வில் தேறி உரிமம் பெறுபவருக்கு ‘வியூ2’ அல்லது ‘வியூ3’ என்று தொடங்கும் குறி கிடைக்கிறது. பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும். அது ஒருவருக்கே உரியது. கெட்ட பெயர் வந்துவிட்டது என்று மறுநாள் வேறொன்றை எடுத்துக்கொள்ள முடியாது. பொறுப்பை நிலைநாட்டுவது இந்தப் பண்புதான்.

இதே குறி சமத்துவத்தையும் தந்தது. ஜோர்டான் மன்னர் ஹுசைன் வானலையில் ‘ஜேஒய்1’. ராஜீவ் காந்தி ‘வியூ2ஆர்ஜி’. மன்னரோடு பேசியவர்களும் தெருக்கோடியில் ஏரியல் கட்டிய மாணவரோடு பேசியவர்களும் பின்பற்றிய நடைமுறை ஒன்றே: குறியைச் சொல்வது, பெயரைச் சொல்வது, ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்வது. ஒருவரின் மதிப்பு அவர் அலைவரிசையில் நடந்துகொள்ளும் முறையால் அமைந்தது.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் குறியைத் தேடினால் உரிமதாரரின் பெயரும் அஞ்சல் முகவரியும் அரசின் பொதுப் பதிவேட்டில் கிடைக்கும். அதனால் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல்பெட்டி எண்ணைத் தருவோர் இருக்கிறார்கள். குறி நிலைத்திருப்பது நன்மை. குறியைப் பிடித்துக்கொண்டு யாரும் வீட்டு வாசலுக்கு வந்துவிட முடிவது தீமை. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விலக்கவே இணையக் குழுக்கள் முயல வேண்டும்.

5. பெயர் காட்டிக்கொடுப்பவை

மெய்ப்பெயர் ஒரு நடுநிலையான அடையாளம் என்ற எண்ணத்தைத் தமிழ்ச் சூழலில் யாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். பெயர் பாலினத்தைச் சொல்லும், மதத்தைச் சொல்லும், பல வேளைகளில் சாதியையும் சொல்லும். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது இதை நன்கு உணர்ந்துதான். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இடும் நம் வழக்கத்தில், குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதே தெளிவில்லை. அந்த இடத்தில் பலர் தந்தையின் முழுப்பெயரை எழுத நேர்கிறது. மறைந்திருந்த செய்திகள் அதனாலேயே வெளியே வந்துவிடுகின்றன. வண்ணத்துப்பூச்சியைப் படம்பிடித்து அதன் பெயரைக் கேட்க வந்தவர், தன் பிறப்பின் விவரங்களை முன்வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா?

புனைபெயர் நம்பிக்கைக்கு எதிரானது என்பதும் நம் அனுபவத்துக்கு ஒவ்வாதது. எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான ‘சுஜாதா’வில் எழுதினார், ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’யாக எழுதினார். அப்பெயர்களின் மேல் வாசகர் வைத்த நம்பிக்கை, ஆண்டுக்கணக்காக அதே பெயரில் தொடர்ந்து வந்த எழுத்தினால் விளைந்தது.

6. மறுப்புகளும் விடைகளும்

நிபுணத்துவத்தைப் பெயரின்றி எப்படி நம்புவது என்பது வலுவான மறுப்பு. விக்கிப்பீடியாவின் பொறுப்பாளர் ஒருவர் தம்மை இறையியல் பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டிருந்தது பொய் என 2007-ல் வெளிப்பட்டு, பெரும் நம்பிக்கைக்கேடு ஆயிற்று. அங்கே கேடு செய்தது சரிபார்க்கப்படாத தகுதிக்கு இடம் கொடுத்தது. தகுதியைச் சரிபார்க்க மெய்ப்பெயரைப் பொதுவில் காட்ட வேண்டியதில்லை. லீசெஸ் சதுரங்கத் தளம் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை ஆவணம் பெற்று உறுதிசெய்கிறது. ஆடும் பெயர் ஆட்டக்காரர் விருப்பம். உலக வாகையராக இருந்த மாக்னஸ் கார்ல்சன் 2018-ல் ‘டாக்டர் டிரங்கன்ஸ்டைன்’ என்ற பெயரில் அங்கே ஆடினார். பெயரருகே பட்டக்குறி மட்டும் இருந்தது. உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ சான்று படத்திலும் நாளிலும் இடத்திலும் இருக்கிறது. பிறர் பார்த்து ஒப்புக்கொண்டால் பதிவு உயர்தரம் பெறுகிறது. பதிந்தவர் யார் என்பதற்கு அங்கே வேலையில்லை.

பணமும் நேர்ச்சந்திப்பும் இன்னொரு மறுப்பு. பழைய கேமராவை விற்பவரை, சிறுவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்பவரை அடையாளம் அறியாமல் நம்பக் கூடாது என்பது சரியே. அந்தச் செயலில் இறங்குபவரிடம் மட்டும், அந்தச் செயலுக்கு மட்டும் அடையாளம் கேட்கலாம். அதற்காக மற்ற எல்லோரையும் பெயர்ப்பலகை மாட்டச் சொல்வது அளவுக்கு மீறியது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து குழு நடத்துவோருக்கு நான்கு விதிகளை முன்வைக்கலாம். ஒருவருக்கு ஒரு பெயர். அதை மாற்றுவது அரிதாகவும் எல்லோருக்கும் தெரியும்படியும் இருக்க வேண்டும். புதியவருக்குச் சில உரிமைகள் காலப்போக்கிலேயே கிடைக்க வேண்டும். அப்போதுதான் பெயரைத் தூக்கியெறிவது இழப்பாகும். விற்பனைக்கும் சந்திப்புக்கும் தகுதிக்கும் தேவைப்படும் சரிபார்ப்பு தனியே நடக்க வேண்டும்; பார்த்து முடித்த ஆவணத்தைச் சேமிக்கக் கூடாது என்பதற்குக் கொரியாவின் மூன்றரைக் கோடிப் பேரே சாட்சி. நான்காவது, நடத்தையைக் கண்காணிக்கும் பொறுப்பை மனிதர்கள் ஏற்க வேண்டும். வசை எந்தப் பெயரில் வந்தாலும் உடனே நிறுத்தப்பட வேண்டும்.

இந்த நான்காவது விதிதான் உழைப்பைக் கேட்பது. மெய்ப்பெயர்க் கட்டாயத்தின் கவர்ச்சியே அந்த உழைப்பைத் தவிர்க்கலாம் என்ற ஆசையில் இருக்கிறது. அப்படித் தவிர்த்தால் குழுவுக்கு இழப்பாவோர் யார் என்று பார்க்க வேண்டும். வசைபாடுவோர் தம் சொந்தப் பெயரிலேயே தொடர்வர். வெளியேறுபவர்கள் தொல்லைக்கு அஞ்சும் பெண்கள், சாதி தெரிந்தால் பேச்சின் தொனி மாறிவிடும் என்று அனுபவத்தில் கண்டவர்கள், மேலதிகாரியின் கண்ணில் படாமல் தமக்குப் பிடித்த ஒன்றைச் செய்ய விரும்பிய எளிய ஊழியர்கள். பிறப்பையும் பதவியையும் மறந்து ஆர்வம் ஒன்றினால் மனிதர் கூடும் இடங்கள் நம் சமூகத்தில் மிகக் குறைவு. இருக்கும் சிலவற்றின் வாசலிலும் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு நிற்கும் விதியை நாம் ஏற்கக் கூடாது.