அரைப்பேர்

பதுளைப் பக்கத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்கு ‘பேர்’ என்றுதான் சொல்வார்கள். கேட்ட கிலோ கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். லயத்தில் வளர்ந்த எங்களுக்கு இது அரிச்சுவடிக்கு முன்பே தெரிந்த சொல். அதை மனசில் வைத்துக்கொண்டு கணினி வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம்.

1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாக்சிமா என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். வெறும் எண் கணக்கு இல்லை, எழுத்துகள் வரும் அட்சரகணிதத்தையே அது செய்யும். அதை ஓட்டுகிற பெரிய கணினி எல்லாரிடமும் இருக்கவில்லை. அதனால் 1970களில் ஆர்ப்பாநெட் வலையமைப்பு வழியாகத் தூரத்து ஆய்வாளர்கள் கணக்கை அனுப்பினார்கள், விடை திரும்பி வந்தது. கேட்கிற பக்கம் கிளையன்ட், செய்துகொடுக்கிற பக்கம் சேர்வர்.

அடுத்த இருபது வருஷத்தில் வீட்டுக்கு வீடு கணினி வந்தது. இப்போது சேர்வர் வேலை கொடுத்தது, கிளையன்ட் வேலை செய்தது. 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் ‘ஜிம்ப்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். 2ஐ ஏழு தடவை பெருக்கி 1ஐக் கழித்தால் 127, அது முதன்மை எண். இப்படிப்பட்ட மாபெரும் முதன்மை எண்களைத் தேடுவதுதான் திட்டம். 1997இல் ஸ்கொட் குரோவ்ஸ்கி அதற்கு ‘பிரைம்நெட்’ சேர்வரை அமைத்தார்.

நடைமுறை எங்களுக்குப் பழக்கமானதுதான். காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, சேர்வர் கணினிக்கொரு எண்ணைக் கொடுக்கும். ஒரு கணினி நெடுநாள் பதில் தராவிட்டால் அந்த எண் வேறொன்றுக்குப் போகும்.

வித்தியாசம் நிறுவையில் இருக்கிறது. முதன்மை எண் இல்லை என்று ஒரு கணினி சொன்னதும் முடிந்துவிடாது. பல ஆண்டுகளாக வழக்கம் இதுவாக இருந்தது: அதே எண்ணை இன்னொரு கணினி மறுபடி சோதித்தது. கடைசியில் வரும் மீதி இரண்டிலும் ஒத்துப்போனால்தான் கணக்கு மூடப்பட்டது. ஒத்துவராவிட்டால் மூன்றாவது சோதனை. ஒன்றும் கிடைக்காத சோதனைக்கும் செய்தவர் கணக்கில் புள்ளி விழும்.

1999 ஜூனில் நயன் ஹஜ்ரத்வாலாவின் வீட்டுக் கணினி, ஓய்வு நேரத்தில் 111 நாள் ஓடி, 20,98,960 இலக்கம் கொண்ட முதன்மை எண்ணைக் கண்டது. பத்து லட்சம் இலக்கத்தைத் தாண்டிய முதலாவது அது. பரிசு 50,000 டொலர். பதிவேட்டில் அவர் பெயர்தான் முதலில். பிறகு வோல்ட்மன், குரோவ்ஸ்கி, ‘மற்றும் பலர்’.

ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தொழிற்சாலையை 1890இல் கட்டிய லிப்டனின் பெயர் உலகத்துக்கே தெரியும். அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு ‘மற்றும் பலர்’ என்ற வரிகூடக் கிடைக்கவில்லை. ஜிம்ப்ஸிலும் அந்த இரண்டு சொல்லுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடங்கிவிடுகிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை இரண்டு தடவை நிறுக்கப்பட்டது.

எங்களுக்குத் தெரிந்த தோட்டத்தில் தராசு ஒன்றுதான். தண்ணி, சாக்கு என்று கழித்தது போக மிஞ்சுவதுதான் பேர். இந்தக் கதையை எங்களில் ஒருத்தியின் அம்மாவிடம் சொன்னோம். முதன்மை எண் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நெசமாவே ரெண்டு தடவ நிறுப்பாங்களா?”