துணைப் பாத்திரத்தின் பெருமை

மனோரமா என்றதும் மும்பையில் வாழும் நம்மவர்க்கு இரு முகங்கள் தோன்றும். ஒன்று, 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'சீதா ஔர் கீதா' என்னும் இந்திப் படத்தில் சீதாவைக் கொடுமை செய்த சித்தியின் முகம். அந்த அம்மையார் லாகூரில் பிறந்து, 2008இல் மும்பையில் மறைந்தவர். மற்றொன்று, 'ஆச்சி' என்று நாம் உரிமையோடு அழைத்த தமிழ் நடிகையின் முகம். இருவரும் துணைப் பாத்திரங்களாலேயே புகழெய்தியவர்கள். நம் ஆச்சியின் கலை வாழ்வைச் சிறிது காண்போம்.

1937ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்தவர் கோபிசாந்தா. வறுமை தாயையும் மகளையும் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே நாடக மேடை அவரை ஈர்த்தது. மனோரமா என்ற பெயரையும் அளித்தது.

1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. கிடைத்ததோ நகைச்சுவை வேடம். கதாநாயகியரின் காலம் குறுகியது, நகைச்சுவையின் காலம் நெடியது என்று கவிஞர் உணர்த்தியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆயினும் அவரை நிலைநிறுத்தியவை துணைப் பாத்திரங்களே. 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசனும் பத்மினியும் முன்னின்றனர். ஆனாலும் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியை மறந்தவர் யார்? மேடையில் வளர்ந்தவர், மேடைப் பெண்ணின் வாழ்வையே அதில் நடித்துக் காட்டினார்.

மாதுங்காவிலிருந்த அரோரா திரையரங்கு நெடுங்காலம் தென்னிந்தியப் படங்களைத் திரையிட்டது. ஊரைப் பிரிந்து வாழும் தமிழர்க்குத் திரைப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்கும் வாய்ப்பும் ஆகும். மனோரமாவோ 'பொம்மலாட்ட'த்தில் சென்னைப் பேச்சில் தாமே பாடினார். 'சின்னக் கவுண்டர்' படத்தில் கொங்குத் தாயானார். நாயகியர் பெரும்பாலும் பொதுத் தமிழ் பேசினர். வட்டாரத் தமிழை மணக்கச் செய்தவர் இவரே.

இந்தித் திரையும் அவரை அறிந்தது. 1974இல் மெஹ்மூதின் 'குன்வாரா பாப்' படத்தில் அவர் நடித்தார். 'புதிய பாதை' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீயும் பெற்றார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துச் சாதனை படைத்து, 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

தேரின் அழகைக் காண்போர் அச்சாணியைக் காண்பதில்லை. ஆயினும் தேர் ஓடுவது அதனாலன்றோ? பெரு நகரங்களைத் தம் உழைப்பால் தாங்கி, பெயர் அறியப்படாது வாழும் மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.