கடைசி பஸ் போன பிறகு

கடந்த மாதம் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தம். ஆறு பேர் மோட்டார் சைக்கிளில், ஒருவர் சைக்கிளில், இரண்டு பேர் பஸ்ஸில். பஸ்ஸில் வந்த இரண்டு பேரும் பெண்பிள்ளைகள். புத்தகத்தைப் பற்றிய கதை சூடு பிடிக்கும்போது நேரம் ஐந்தரை. அவர்கள் இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அந்தப் பக்கம் போக வேறு பஸ் இல்லை. ஒருத்தி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்த வட்டத்தில ஒரு புத்தகத்தின்ர முடிவைப் பற்றியும் நான் இன்னும் கதைச்சதில்லை."

அவர்கள் போன பிறகு எங்களுக்குப் புத்தகத்தில் மனம் போகவில்லை. மிச்சப் பேரிடம் ஒரு கேள்வியைச் சுற்றவிட்டம்: நீங்கள் ஏன் பஸ்ஸில் வாறேல்லை? "நேரத்துக்கு வராது." "நெரிச்சுத் தள்ளுவினம்." "போடுற பாட்டில காது கிழியும்." எல்லாம் தெரிந்த பதில்கள்தான். கடைசியாக ஒருவர் கொஞ்சம் யோசித்துச் சொன்ன பதில்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது: "பஸ்ஸில போய் இறங்கினா, இவனிட்ட ஒண்டும் இல்லை எண்டு நினைப்பினம்."

பஸ்ஸில் போவது எப்போதிருந்து வெட்கமானது? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டம். கிடைத்ததை வாசித்தம். அதில் விளங்கியதை இங்கே எழுதுகிறோம்.

பஸ் பெருமையாக இருந்த காலம்

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இலங்கையின் பஸ்கள் தனியார் கையில்தான் இருந்தன. ஆரம்பத்தில் ஒரே தெருவில் பல முதலாளிமாரின் பஸ்கள் ஒன்றையொன்று கலைத்து ஓடின. 1942இல் வந்த ஒரு சட்டம் வழித்தட அனுமதிப் பத்திர முறையைக் கொண்டுவந்து அதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. அதன்பின் பெரிய கம்பனிகள் வளர்ந்தன. ஆனால் கம்பனி என்றால் இலாபம். ஆள் குறைந்த ஊருக்கும் ஆள் குறைந்த நேரத்துக்கும் பஸ் விட அவர்களுக்கு என்ன தேவை?

1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் பஸ்களைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. 'இ.போ.ச.' என்ற பெயர் அன்றிலிருந்து வருவது. லண்டனில் ஓடிக் கழித்த இரட்டைத்தட்டு பஸ்கள் கப்பலில் வந்து இங்கே ஓடின. ஒவ்வொரு பட்டினத்துக்கும் ஒரு சாலை, ஒரு நேர அட்டவணை, காக்கி உடுப்பில் நடத்துநர் என்று ஓர் ஒழுங்கு வந்தது.

இதை 1945இல் வந்த இலவசக் கல்வியோடு சேர்த்துப் பார்க்கவேணும். கன்னங்கரா கொண்டுவந்த அந்தத் திட்டம் பள்ளிக்கூடக் கட்டணத்தை இல்லாமல் ஆக்கியது. ஆனால் பள்ளிக்கூடம் பத்துக் கட்டை தூரத்தில் இருந்தால்? அந்தத் தூரத்தைக் கடக்க உதவியது பஸ்தான். இரவு கடைசிப் பயணம் வந்து ஊரிலேயே தங்கி, விடியப்புறம் முதல் ஆளாக வெளிக்கிடும் பஸ்கள் பல கிராமங்களில் இருந்தன. எங்களில் ஒருவரின் அம்மம்மா ஆசிரியை. அப்படி ஒரு பஸ்ஸில்தான் அவர் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவர். "அந்த பஸ் இல்லையெண்டா நான் பதினைஞ்சு வயசில கலியாணம் கட்டியிருப்பன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். டிரைவரும் கொண்டக்டரும் இரவில் படுப்பது இவர்களின் வீட்டுக்குப் பக்கத்து வாசிகசாலையில். சாப்பாடு ஊரவர் முறைவைத்துக் கொடுப்பார்களாம். ஊர் அதைத் தன் பஸ்ஸாகத்தான் நினைத்தது.

பஸ் எட்டாத இடத்துக்குத் தட்டிவான் இருந்தது. பக்கம் திறந்த பலகை உடம்பு, பின்னுக்குத் தட்டி, அதில் வாழைக்குலையும் மரக்கறிக் கடகமும் சனமும் ஒன்றாக. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடின தட்டிவான்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றைக்கும் ஆசையாகக் கதைப்பார்கள். அதில் ஏறினதுக்காக யாரும் வெட்கப்பட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஓர் எழுத்தும் ஒரு வாளி தாரும்

ஆனால் இதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போக ஏலாது. இ.போ.ச. பிறந்த அதே வருடம் அதே பஸ்தான் எங்கட ஆக்களின் கோபத்துக்கும் இலக்கானது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957 தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. அந்த வருடம் ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டார்கள். 1958 மார்ச்சில், புதிதாய்த் தேசியமயமான பஸ்கள் சிங்கள ஸ்ரீ தகட்டோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. இங்கே தகட்டில் இருந்த எழுத்தை அழித்துத் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம்.

எங்கட பாட்டன்மார் பஸ்ஸைக் கைவிடவில்லை என்பதுதான் இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பஸ் பொதுச்சொத்து என்றால் அதில் எங்கட மொழிக்கும் இடம் வேணும் என்று கேட்டார்கள். தன்னுடையது என்று நினைக்கிற பொருளில்தான் மனுசன் உரிமை கேட்பான்.

இன்றைக்கு பஸ்ஸில் மூன்று மொழியும் சட்டப்படி இருக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கின ஆசனத்தின் மேல் 'தா' போய் 'நா' வந்த அறிவித்தலின் படத்தை முகநூலில் பார்த்து நாங்களும் சிரித்திருக்கிறம். அன்றைக்கு ஓர் எழுத்துக்காகத் தெருவில் நின்றார்கள். நாங்கள் பிழையான எழுத்தைப் படம் பிடித்துப் பகிர்ந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போகிறோம்.

காசு சேரும் வரைக்கும் நிற்கும் பஸ்

'நேரத்துக்கு வராது' என்ற முறைப்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அடுத்த வருடம் போக்குவரத்துச் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்குத் திரும்ப வழி திறந்தது. ஆனால் 58க்கு முந்தின பெரிய கம்பனிகள் திரும்பி வரவில்லை. ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கிற சின்ன முதலாளிமார்தான் வந்தார்கள்.

அவர்களில் பலரின் கணக்கு நாளாந்தக் கணக்கு. அன்றைக்கு விழுகிற காசில்தான் முதலாளிக்கும் டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் பங்கு. அதனால் பஸ் நிரம்பும் வரைக்கும் சந்தியில் நிற்கும். பின்னால் இன்னொன்று வந்தால் பறக்கும். பருவச்சீட்டோடு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளால் வருமானம் இல்லை, ஆகவே அவர்களைக் கண்டால் நிற்காது. இரவு ஏழு மணிக்கு ஆள் குறைவு, ஆகவே பயணமே இல்லை. அந்த டிரைவர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. சம்பளம் வருகிற வழி அப்படி. இ.போ.ச.வோ துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, 2005இல் திரும்ப ஒரே சபையானபோது, பழைய அளவில் இருக்கவில்லை.

இப்போதும் இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில் ஓடுவதா, எந்தத் தரிப்பிடத்தில் நிற்பதா என்று இழுபறிப்படுகிறார்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் புதிய பஸ் நிலையம் கட்டியும் இழுபறி தீரவில்லை. மழைக்குள் குடையோடு நிற்கிற பயணியிடம் யாரும் கேட்பதில்லை.

இறங்கி ஏறின காலம்

அப்பாமாரிடம் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் வேறு மாதிரியான அமைதி வரும்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் இல்லை. கார்களும் வான்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சனம் சைக்கிளில் ஓடியது. ஏ–9 பாதை மூடிக் கிடக்க, கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தார்கள். 2002இல் பாதை திறந்தபோது பஸ் திரும்ப வந்தது. அப்போதும் முகமாலையில் இறங்கு, ஓமந்தையில் இறங்கு, பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, நடந்துபோய் மற்றப் பக்கம் ஏறு. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடியது. கொழும்பு பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரோடு தமிழில் கதைக்காமல் வந்ததைப் பற்றி எங்கட அம்மாமார் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும்.

பஸ்ஸிலேயே சனம் செத்தது. 1987 ஏப்ரல் 21ஆம் திகதி கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டில் நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2008 ஜனவரி 29ஆம் திகதி மன்னார் தட்சணாமடுவில் கிளைமோரில் சிக்கிய பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். தாயும் தகப்பனும் ஒரே பஸ்ஸில் ஏறாமல், ஒருவராவது பிள்ளைகளுக்கு மிஞ்சவேணும் என்று தனித்தனியாகப் போன வீடுகள் தெற்கில் இருந்தன. இரண்டு பக்கத்திலும் பஸ்ஸில் இருந்தவர்கள் கார் வாங்க வசதி இல்லாத சனம்.

இந்தத் தலைமுறை எங்களை வளர்த்தது. "பஸ்ஸில போகாத, தம்பி, நான் மோட்டச்சைக்கிள் எடுத்துத் தாறன்" என்று ஓர் அப்பா சொல்லும்போது அதில் செல்லம் மட்டும் இல்லை. இறங்கி ஏறின களைப்பும் இருக்கிறது.

லீசிங்கும் பெற்றோல் வரிசையும்

போர் முடிய ஏ–9 திறந்தது, கூடவே லீசிங் கம்பனிகளும் வந்தன. முற்பணம் கொஞ்சம், மாதம் மாதம் தவணை, சாவி கையில். எங்களுக்கு அது விடுதலைதான், மறுக்கவில்லை. யாரிடமும் இறங்கி அட்டை காட்டாமல், நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போவது என்பது எங்கட ஊரில் சின்ன விசயம் இல்லை. ஆனால் தவணை தப்பினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் வீதி விபத்தில் சாகிறவர்களில் மோட்டார் சைக்கிள்காரர்தான் அதிகம். எங்கட வகுப்புப் படங்களில் இப்போது இல்லாத முகங்கள் இருக்கின்றன.

2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபாவிலிருந்து ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. நாங்கள் எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பினம். குறைந்தபட்சக் கட்டணமும் ஜனவரியில் 17 ரூபாவாக இருந்து ஜூலையில் 40 ரூபாவானது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போன அந்த மாதங்களில்தான் பஸ்ஸுக்குள் யார் எப்போதும் இருந்தார்கள் என்று கண்டம். 750ஆம் இலக்க பஸ்ஸில் மருந்துப் பையோடு ஆசுப்பத்திரிக்குப் போகும் ஆச்சிகள். உடுப்புக் கடைகளில் வேலை செய்யிற பிள்ளைகள். ஹட்டன் பக்கத்திலிருந்து எங்களோடு எழுதுகிற தோழர் அப்போது சொன்னார்: "உங்களுக்கு இது மூன்று மாசம். எங்கட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருசம் முழுக்க இதுதான். பஸ் வராட்டி ஏ.எல். வகுப்பு இல்லை."

பெற்றோல் வந்தது. நாங்கள் இறங்கிவிட்டம். அவர்கள் இறங்கவில்லை.

யாருடைய பஸ்?

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 வீதம். பொலிஸில் உதவி கேட்டவர்கள் 4 வீதம். இதை வாசித்தபோது எங்கட குழுவின் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. சட்டைக்குத்தி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்கிற பழக்கம் தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. ஆச்சரியப்பட்டது ஆண்கள்தான். பதினெட்டு வயதில் பஸ்ஸை விட்டு இறங்கினவனுக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும்? தெரிந்த ஆண்கள் உள்ளே இருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் அந்த 90 கொஞ்சமாவது குறைந்திராதா?

வெட்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான். குரல் எழுப்பக்கூடியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்க ஏலாதவர்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்காக யாரும் நேர அட்டவணை கேட்கவில்லை. பஸ் மோசமானது. மோசமானதால் இன்னும் பலர் இறங்கினார்கள். கடைசியில் அதில் இருப்பதே இல்லாமையின் அடையாளமாகிவிட்டது.

மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்லப்போவதில்லை. எங்களாலும் ஏலாது. அடுத்த சந்திப்பைப் பின்னேரம் இரண்டு மணிக்கு, பஸ் நிலையத்துக்குக் கிட்ட வைக்கிறோம். ஒன்பது பேரும் பஸ்ஸில்தான் வாறது, ஒவ்வொருவரும் ஏறின நேரம், காத்திருந்த நேரம், நிற்காமல் போன பஸ்ஸின் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிறது என்று முடிவு. மூன்று மாதம் எழுதினபின் அந்தக் கொப்பியோடு சாலை முகாமையாளரையும் தனியார் சங்கத்தையும் போய்ப் பார்ப்பம். கேட்கப்போவது ஒன்றுதான்: அந்தப் பக்கத்துக்கு இரவு ஏழரைக்கு இன்னொரு பஸ்.

அது கிடைக்குமோ தெரியாது. ஆனால் இந்த முறை புத்தகத்தின் முடிவைப் பற்றி அவள்தான் முதலில் கதைக்கவேணும் என்று பேசி வைத்திருக்கிறம்.