அமெரிக்காவுக்குப் போன அன்னபூரணி

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கரையில் 1930இல் சுந்தரம் மேஸ்திரியார் ஒரு கப்பல் கட்டினார். வேப்பமரம், 89 அடி நீளம், 19 அடி அகலம். அன்னபூரணி அம்மாள் என்று பெயர். அந்த ஊர்க் கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய் அரிசியும் சரக்கும் ஏற்றி வந்த காலம் அது.

இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். மரத்தில் ஏற்றும் குறுக்குக் கொம்புக்குப் பருமல் என்று பெயர். பாய் அதில்தான் தொங்கும். காற்று வரும் பக்கத்துக் கீழ்முனை கோசு. எதிர்முனையை இழுத்துப் பிடிக்கிற கயிறு தாமான். சமாச்சாரமெல்லாம் இந்தத் தாமானில்தான் இருக்கிறது. காற்று ஓங்கி அடித்துக் கப்பல் சாய்ந்தால் தாமானை இளக்கவேண்டும். பாய் காற்றை விட்டுவிடும், கப்பல் நிமிரும். காற்று சோர்ந்தால் இழுத்துக் கட்டவேண்டும். அதிகமாக இழுத்தால் பாய் கிழியும். அதிகமாக இளக்கினால் படபடவென்று அடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். கப்பல் தலைவரான தண்டயல் வாய் திறப்பதற்குள் ஆளின் கை கயிற்றுக்குப் போயிருக்கவேண்டும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்ததில்லை. தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் இந்தச் சொற்கள் தெரியும்; ஜோ டி குருஸின் நாவல்களைப் படித்தவர்களுக்கும் புதிதல்ல.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் இந்தக் கப்பலைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். ஆள் லேசுப்பட்டவரல்ல. 32 அடிப் பாய்ப்படகில் 1928இல் கிளம்பி, 1931இல் உலகத்தையே சுற்றி முடித்தவர். கப்பல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வல்வெட்டித்துறை வேலை பிடித்துப்போயிற்று. மனைவியின் பெயரை வைத்து 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். பெயரைத்தான் மாற்ற முடிந்தது. கயிறு பிடிக்க வல்வெட்டித்துறை ஆட்கள் ஐந்து பேர் வேண்டியிருந்தது. தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை.

அமெரிக்காவுக்குப் பயணம்: சூயஸ் வழியாக மத்தியதரைக்கடல், ஜிப்ரால்டர், பிறகு அட்லாண்டிக், பெர்முடா. பருவக்காற்றைக் கணக்குப் பார்த்து வங்கக்கடலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அட்லாண்டிக் வேறு கடல், வேறு குளிர். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பல் போய் நின்றது. குளோஸ்டர் சாதாரண ஊரல்ல. தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கட்டியும் ஓட்டியும் வந்த மீன்பிடித் துறை. அப்படிப்பட்டவர்கள் கண்முன் போய் நின்றது நம் வேப்பங்கப்பல்.

ராபின்சன் பிறகு தனக்கென்று 'வருவா' என்ற 70 அடிக் கப்பலை 1942இல் கட்டினார். அதுவும் இரண்டு பாய்மரம். அதிலும் முன்மரத்தில் பருமல்கள். அன்னபூரணியின் சாயல் அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இந்தக் கதையை யார் சொன்னாலும் ராபின்சன் பெயர்தான் முதலில் வருகிறது. பணம் கொடுத்தவர் அவர், சரி. மேஸ்திரியாரையும் தண்டயலையும் அவருக்கு முன்னால் சொல்வதே நியாயம்.

பாயோட்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிற வீடுகளில் பேரப்பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். எந்தக் கயிற்றுக்கு என்ன பெயர் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.